நீல விரல் பட்ட நினைவு

மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்த 11 வயதுச் சிறுமி ரைலிக்குப் புதிய பள்ளியில் அன்று முதல் நாள். உன்னைப் பற்றிச் சொல்லேன் என்று ஆசிரியை கேட்க, உறைந்த ஏரியில் அப்பா அம்மாவோடு ஹாக்கி ஆடியதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்குகிறாள். பாதியில் குரல் தழுதழுக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. வகுப்பில் இருந்தவர்கள் பார்த்தது இவ்வளவுதான்.

‘இன்சைட் அவுட்’ படம் அதே நொடியில் அவள் தலைக்குள் நடப்பதையும் காட்டுகிறது. அங்கே அந்த ஏரி நினைவு, மஞ்சளாக ஒளிரும் ஒரு கண்ணாடி உருண்டை. அது திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீல நிறத்துப் பெண் ஒருத்தி அதைத் தொட்டுவிடுகிறாள். உடனே நீலம் பரவுகிறது. ஏரி அதே ஏரி, அப்பா அம்மாவும் அதே அப்பா அம்மாதான். நிறம் மட்டும் மாறிவிட்டது.

2015-இல் பிக்ஸார் வெளியிட்ட இந்தப் படத்தில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு தொடுகையை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். மனத்தைப் பற்றி அறிவியல் கண்டறிந்த இரண்டு பெரிய உண்மைகள் அதற்குள் இருக்கின்றன. நினைவு, எடுத்துப் பார்க்கும்போதே மாறக்கூடியது என்பது ஒன்று. சோகத்துக்கு வாழ்க்கையில் ஒரு வேலை உண்டு என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பாடம் நடத்தாமல் நிறத்தாலும் ஒளியாலும் கேமராவாலும் புரியவைத்திருக்கிறார்கள்.

ஐந்து பேர் ஆளும் அறை

இயக்குநர் பீட் டாக்டருக்கு இந்தப் படத்தின் விதை வீட்டிலேயே கிடைத்தது. துறுதுறுவென்று இருந்த மகள் 11 வயதை ஒட்டி ஒதுங்கிப்போனதையும் பேச்சைக் குறைத்துக்கொண்டதையும் பார்த்தார். அவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்ற கேள்வி அவரை உளவியலாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் பால் எக்மன், டேக்கர் கெல்ட்னர் ஆகிய இருவரும் உணர்ச்சி ஆய்வில் பெரிய பெயர்கள். எக்மன் 1960-களின் பிற்பகுதியில் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிக்குச் சென்றவர். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டி, எந்த முகம் எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று கேட்டார். சில அடிப்படை உணர்ச்சிகளின் முகக்குறிகள் உலகெங்கும் ஒன்றே என்பது அவர் வந்தடைந்த முடிவு.

அந்தப் பட்டியலிலிருந்துதான் படத்தின் பாத்திரங்கள் பிறந்தார்கள். மகிழ்ச்சிக்கு ஜாய், சோகத்துக்கு சாட்னஸ், அச்சத்துக்கு ஃபியர், கோபத்துக்கு ஆங்கர், அருவருப்புக்கு டிஸ்கஸ்ட். எக்மனின் பட்டியலில் வியப்பும் உண்டு. திரையில் அது அச்சத்தோடு குழம்பிவிடும் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஐந்து பேரும் ரைலியின் தலைக்குள் ‘தலைமையகம்’ என்ற அறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையின் முன் நிற்கிறார்கள். பலகையில் யார் கை இருக்கிறதோ, அந்த உணர்ச்சி ரைலியின் முகத்தில் தெரியும்.

உருவங்களைப் பாருங்கள். ஜாய் ஒரு நட்சத்திரம்போல் கைகால்களை விரித்துத் துள்ளுகிறாள். வகுப்பறைக் காட்சியில் நினைவைத் தொட்ட நீலப் பெண்ணான சாட்னஸ் கண்ணீர்த் துளியின் வடிவம். எடையெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. ஆங்கர் ஒரு செங்கல். ஃபியர் நீண்டு மெலிந்து துடிக்கும் ஒற்றை நரம்பு. டிஸ்கஸ்டிடம் ப்ரொக்கோலியின் சாயல். ஒலியே இல்லாமல் பார்க்கும் மூன்று வயதுக் குழந்தைகூட இன்னார் இன்னார் என்று சொல்லிவிடும். நல்ல அனிமேஷனில் பாத்திரத்தின் குணம் முதலில் அதன் வெளிக்கோட்டில்தான் இருக்கிறது.

இவர்களுக்குத் தோல் கிடையாது. அருகில் போய்ப் பார்த்தால் உடல் முழுக்க நுண்ணிய துகள்கள் குமிழியிட்டுக்கொண்டே இருக்கின்றன. உணர்ச்சி என்பது கெட்டியான பொருள் இல்லை, ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும் ஆற்றல் என்ற எண்ணத்துக்கு அவர்கள் கொடுத்த உருவம் அது. ஜாய் இன்னும் ஒரு படி மேலே. அவளே ஒரு விளக்கு. அவள் நடந்துபோகும் இடமெல்லாம் சுவரிலும் தரையிலும் மஞ்சள் ஒளி விழுகிறது. கணினி வரைகலையில் இது எளிய காரியமில்லை. நிழல் விழுவதால்தான் மூக்கும் கன்னமும் நமக்கு மேடுபள்ளமாகத் தெரிகின்றன. தானே ஒளிரும் முகத்தில் நிழல் தங்காது, முகம் தட்டையாகிவிடும். ஒளியும் குறையாமல் முகபாவமும் கெடாமல் அவளைத் திரையில் நிறுத்துவது பெரிய வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற நால்வரும் தலைமுதல் கால்வரை ஏறக்குறைய ஒரே நிறக் குடும்பம். ஜாய்க்கு மட்டும் மஞ்சள் உடலில் நீல முடி, நீலக் கண்கள். சோகத்தின் நிறம் முதல் காட்சியிலிருந்தே மகிழ்ச்சியின் மேல் இருக்கிறது. அவளுக்குத்தான் அது தெரிவதில்லை.

எடுத்துப் பார்க்கும்போது மாறும் நினைவு

படத்தில் அன்றாட நிகழ்வுகள் உருண்டைகளாகச் சேர்கின்றன. ரைலி தூங்கியதும் அவை குழாய் வழியே நெடுங்கால நினைவுக் கிடங்குக்குப் போகின்றன. கற்பனைபோல் தோன்றினாலும் இதற்கு அடிப்படை உண்டு. வலிப்பு நோய்க்காக 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு மூளை அறுவை சிகிச்சை நடந்தது. இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளை உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு அவருக்குச் சிறுவயது நினைவுகள் இருந்தன. புதிதாக நடந்த எதுவும் தங்கவில்லை. புதிய நினைவு பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும், பழையவை வேறிடங்களில் வேரூன்றிவிடுகின்றன என்பது அவரால் தெரியவந்தது. 1994-இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்னாட்டனும், எலிகள் விழித்திருந்து ஓடித் திரிந்தபோது சேர்ந்து இயங்கிய நியூரான்கள் அவை தூங்கும்போது மீண்டும் சேர்ந்து இயங்குவதைப் பதிவுசெய்தார்கள். தூக்கம் நினைவின் வேலைநேரமும்கூட.

ஆனால் படத்தின் நுட்பமான அறிவியல் கிடங்கில் இல்லை, சாட்னஸின் விரலில் இருக்கிறது. ஒருமுறை பதிந்த நினைவு அப்படியே நிலைத்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். பயம் நன்றாகப் பதிந்த பிறகு, ஒருநாள் கழித்து அந்த ஒலியை மட்டும் கேட்கச் செய்து, உடனே மூளையில் பயத்தைப் பதியவைக்கும் அமிக்டலா என்ற பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த முறை ஒலி கேட்டபோது அந்த எலிகள் முன்போல் பயந்து உறையவில்லை. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது.

நினைவு தூங்கிக்கொண்டிருக்கும்போது மருந்து அதை எதுவும் செய்யவில்லை. எழுப்பிய பிறகுதான் செய்தது. உறைந்த வெல்லப்பாகைச் சூடாக்கினால் இளகுகிறது. அந்த நேரத்தில் அதில் எது விழுந்தாலும் அதனோடு சேர்ந்தே மறுபடி உறைகிறது. நினைவும் நினைக்கும்போது இளகி, மீண்டும் பதிகிறது.

இதை வைத்துக்கொண்டு வகுப்பறைக் காட்சியை மறுபடி பாருங்கள். ஏரி நினைவு நீலமாவது எப்போது? ரைலி அதை வெளியே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது. அன்று ஏரியில் அவளுக்குச் சோகம் என்பதே இல்லை. இன்று, ஊரைப் பிரிந்த நிலையில் அதை நினைக்கிறாள். இன்றைய உணர்ச்சி அன்றைய நினைவின் மேல் படிந்துவிடுகிறது.

நிறம் மட்டுமில்லை, காட்சியே மாறிவிடுவதும் உண்டு. 1974-இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துண்டு ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் ஒன்றையொன்று ‘நொறுக்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் பிரிவின் 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். இரண்டாம் பிரிவின் 50 பேரில் 7 பேர். அந்தப் படத்துண்டில் கண்ணாடி உடையவே இல்லை.

லென்ஸின் குறைகளைத் தேடிப்போனவர்கள்

தலைக்குள், தலைக்கு வெளியே என இரண்டு உலகங்களுக்கு மாறி மாறிப் போகும் கதையில் பார்ப்பவர் வழி தவறாமல் இருப்பது எப்படி? கேமராவுக்குப் பொறுப்பேற்றிருந்த பேட்ரிக் லின் இதற்குக் கண்ட வழி, இரண்டு உலகங்களையும் இரண்டு வகைக் கேமராவால் எடுப்பது.

கணினி அனிமேஷனில் கேமரா என்று ஒரு கருவி கிடையாது. எல்லாம் கணக்கு. அதனால் அந்தக் ‘கேமரா’வின் பார்வை இயல்பாகவே குறையில்லாதது: கோடுகள் வளையாது, கை நடுங்காது, ஃபோகஸ் தவறாது. ரைலியின் தலைக்குள் இருக்கும் உலகத்தை அப்படியே விட்டார்கள். அங்கே கேமரா தண்டவாளத்தில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. வெளி உலகத்துக்கு, உண்மையான லென்ஸ்களின் குறைகளை வேண்டுமென்றே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓரங்கள் லேசாக வளைகின்றன. கேமராவைக் கையில் பிடித்திருப்பதுபோல் காட்சி அசைகிறது. ஃபோகஸ் சற்றுத் தாமதமாக முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. ரைலியின் வாழ்க்கை நிலைகுலையக் குலைய அந்த அசைவும் கூடுகிறது.

இதைப் பார்ப்பவர்களில் பலருக்கும் கண்ணால் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் நேரடிக் காட்சிகளையும் ஆவணப் படங்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குறையுள்ள படம் ‘நிஜமாக நடந்தது’ என்ற உணர்வைத் தருகிறது. பிழையில்லாத உலகம் மனத்துக்குள் கட்டியதாகவும் தடுமாறும் உலகம் வாழ்வதாகவும் தோன்றுகிறது. நிறமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மின்னசோட்டாக் காட்சிகள் இதமான வண்ணங்களில் இருக்கின்றன. ஜாயும் சாட்னஸும் தலைமையகத்தை விட்டுத் தொலைந்துபோன பிறகு சான் பிரான்சிஸ்கோ வெளிறிக்கொண்டே போகிறது. ரைலிக்கு என்ன ஆகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுண்ணக்கட்டி வட்டம்

முதல் பாதியில் ஜாய் செய்யும் ஒரு காரியம் மறக்க முடியாதது. தரையில் சுண்ணக்கட்டியால் சிறு வட்டம் ஒன்று போட்டு, சோகமெல்லாம் இதற்குள்ளேயே இருக்க வேண்டும், இதுதான் உன் வேலை என்று சாட்னஸை அதில் நிற்க வைக்கிறாள். ஜாய் கெட்டவள் இல்லை, ரைலியின் மேல் உயிரையே வைத்திருப்பவள். அதனால்தான் இந்தக் காட்சி உறுத்துகிறது. பிள்ளைகள் அழக்கூடாது என்று நினைக்கும் எல்லாப் பெரியவர்களும் அன்பினால்தான் அந்த வட்டத்தைப் போடுகிறோம்.

வெளியே அம்மாவும் அதையே செய்கிறார். இரவில் ரைலியின் அருகில் வந்து, அப்பாவுக்கு எவ்வளவோ நெருக்கடி, நாம் இருவரும் சிரித்த முகமாக இருந்தால் அவருக்குப் பெரிய உதவி என்கிறார். குழந்தை தலையசைக்கிறது.

சிரித்த முகத்துக்கு உடல் கொடுக்கும் விலையை ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990-களில் அளந்து பார்த்தார்கள். சோகமான படத்துண்டைப் பார்க்கும்போது உணர்ச்சி முகத்தில் தெரியாமல் அடக்கிக்கொள்ளும்படி சிலரிடம் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் சோகம் குறைந்தது. உள்ளே உணர்ந்த சோகம் குறையவில்லை. இதயமும் ரத்தக் குழாய்களும் காட்டிய பரபரப்பு கூடியது.

சோகத்தின் வேலை என்ன என்பதற்குப் படத்தின் பதில் பிங் பாங் காட்சியில் வருகிறது. ரைலி சின்னக் குழந்தையாக இருந்தபோது கற்பனை செய்த தோழன் பிங் பாங். அவனும் ரைலியும் நிலவுக்குப் போவதாக இருந்த ராக்கெட் வண்டியை, மங்கிய நினைவுகளைக் கொட்டும் மறதிக் குழியில் தள்ளிவிடுகிறார்கள். அவன் உட்கார்ந்துவிடுகிறான். ஜாய் கிச்சுகிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணுகிறாள், விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. சாட்னஸ் வந்து பக்கத்தில் அமர்கிறாள். உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, இனி அது வராதே என்கிறாள். அவன் பழைய கதையைச் சொல்கிறான், அவள் கேட்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடக்கிறான். ஜாய்க்கு எதுவும் புரியவில்லை.

புரிவது, பின்னால் அவளே விழுந்துவிடும் அந்த மறதிக் குழியின் அடியில்தான். ஹாக்கி அணித் தோழிகள் ரைலியைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் மஞ்சள் நினைவு ஒன்று ஜாய்க்கு மிகவும் பிடித்தது. அந்த உருண்டையைப் பின்னோக்கி உருட்டுகிறாள். மஞ்சள் நீலமாகிறது. வெற்றி வாய்ப்பைத் தவறவிட்ட ரைலி மரக்கிளையில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். அவள் சோகத்தைப் பார்த்துத்தான் அப்பாவும் அம்மாவும் தோழிகளும் தேடி வந்தார்கள். சோகம் முன்னால் வந்தது, மகிழ்ச்சி அதன் பின்னால் வந்தது. ஒரு படத்துண்டைத் திருப்பி ஓட்டுவது என்ற எளிய உத்தி, இங்கே காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாகிவிடுகிறது.

இந்தப் பாதை படக்குழுவுக்கும் எளிதில் கிடைத்ததில்லை. ஆரம்பத்தில் ஜாயோடு தொலைந்துபோனவன் ஃபியர். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கதை கூடிவராமல் தவித்த பீட் டாக்டர் ஒருநாள் நடந்துகொண்டே யோசித்தார்: இந்த வேலை போய்விட்டால் எதற்காக ஏங்குவேன்? மனிதர்களுக்காக. தனக்கு நெருக்கமானவர்கள் எல்லோரும் தான் சேர்ந்து சிரித்தவர்கள் மட்டுமல்ல, சேர்ந்து துயரப்பட்டவர்கள், சண்டை போட்டவர்கள் என்பது அவருக்கு அப்போது தெளிந்தது. அதன் பிறகுதான் ஃபியரின் இடத்துக்கு சாட்னஸ் வந்தாள்.

ஒரே உருண்டையில் இரண்டு நிறம்

முடிவில், வீட்டை விட்டுக் கிளம்பிப் போன ரைலி திரும்பி வந்து, ஊர் நினைவாகவே இருக்கிறது என்று சொல்லி அழுகிறாள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்கும் அப்படித்தான் என்று அணைத்துக்கொள்கிறார்கள். அப்போது உருளும் நினைவில் மஞ்சளும் நீலமும் சுழன்று கிடக்கின்றன. இரண்டும் கலந்து பச்சையாகிவிடவில்லை. சோகமும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டும் இருக்க முடியுமா என்பது உளவியலில் உண்மையிலேயே வாதத்துக்குள்ளான கேள்வி. ஜெஃப் லார்சனும் அவருடைய சகாக்களும் 2001-இல், விடுதியைக் காலிசெய்துகொண்டு கிளம்பும் நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் மாணவர்களைக் கேட்டார்கள். சாதாரண நாட்களைவிட அந்த நாட்களில் மகிழ்ச்சியும் சோகமும் சேர்ந்தே இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். 2007-இல் லார்சனின் குழு 5 முதல் 12 வயதுவரையான குழந்தைகளிடம் போனது. ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ அனிமேஷன் படத்தில் அப்பாவும் மகளும் பிரியும் காட்சியைப் போட்டுக் காட்டி, என்ன தோன்றியது என்று கேட்டார்கள். இரண்டு உணர்ச்சியும் சேர்ந்து வந்ததாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்த குழந்தைகள். அந்த வயதின் விளிம்பில்தான் 11 வயது ரைலி நிற்கிறாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அந்த இருநிற உருண்டையே சாட்சி.

படம் எளிமையாக்கியவை

கதைக்காகப் படம் சில இடங்களில் குறுக்கு வழியில் போகிறது. நினைவு தனி உருண்டையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. மூளையின் பல பகுதிகளில் நியூரான்களுக்கிடையே உள்ள இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது. ஐந்து உணர்ச்சிகள் பிறவியிலேயே தனித்தனி ஆட்களாக இருக்கின்றன என்ற அடிப்படையையே லிசா ஃபெல்ட்மன் பேரட் போன்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். உடலின் நிலை, சூழல், கற்றுக்கொண்ட கருத்துகள் ஆகியவற்றைக் கொண்டு மூளை அவ்வப்போது கட்டுவதே உணர்ச்சி என்பது அவர்கள் வாதம். ஆலோசகர்களான எக்மனும் கெல்ட்னருமே ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். சாட்னஸ் படத்தில் தரையில் கிடந்து இழுபடும் சோம்பேறியாக வருகிறாள். உண்மையில் சோகம் உடலை முடுக்கிவிட்டு இழப்பை எதிர்கொள்ளத் தயார்செய்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் படம் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. ரைலி வீட்டை விட்டுக் கிளம்பும்போது கட்டுப்பாட்டுப் பலகை நீலமாவதில்லை. கருத்துக் கெட்டிப்படுகிறது, எந்த உணர்ச்சி அழுத்தினாலும் பொத்தான் இயங்குவதில்லை. சோகமாக இருப்பது வேறு, எதையுமே உணர முடியாமல் போவது வேறு. மனச்சோர்வு நோயில் பலரைப் பாடாய்ப் படுத்துவது இந்த இரண்டாவது நிலைதான். அந்த உறைந்த பலகையை இளக்குவது ஜாய் அல்ல, சாட்னஸ்.

2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரைலிக்கு 13 வயது. பதற்றமும் பொறாமையும் சங்கடமும் சலிப்பும் தலைமையகத்துக்குள் நுழைகின்றன. அங்கும் ஓர் உணர்ச்சியைத் துரத்திவிட்டு ரைலியைக் காப்பாற்ற முடிவதில்லை. இரண்டு படங்களும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்வது ஒன்றுதான். இடம் மாறிய பிள்ளை, தேர்வில் தோற்ற பிள்ளை, நாய்க்குட்டியை இழந்த பிள்ளை அழும்போது நாம் முதலில் சிரிக்க வைக்கப் பார்க்கிறோம். அழுகை என்பது உதவி கேட்கும் மொழி. அதை நிறுத்தினால் அருகில் வருபவர்களுக்குக் கேட்பதும் நின்றுபோகும். எது போய்விட்டது என்று கேட்டு, பதில் முடியும்வரை உடன் இருங்கள். தேற்றுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது.